கேமராவில் எடுத்த படம் மலைமேலேயே போனுக்கு வரணும்: வைஃபை இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க என்ன வழி?

கூடலூர் நிருபர் | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் கூடலூர்க்காரன். ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கையில் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு ஆண்ட்ராய்டு போன்.

சித்திரா பௌர்ணமி நெருங்குகிறது. மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பக்தர்களை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறுகிற கூட்டம் ஒரு பக்கம், பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்தே ஏறுகிற நம்ம பக்கத்துக் கூட்டம் ஒரு பக்கம். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்துகிற நாள் என்பதால் டெஸ்க்கில் மதியத்துக்குள் படம் கேட்பார்கள். இறங்கி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினால் பொழுது சாய்ந்துவிடும்.

இப்போதைக்கு நான் செய்வது, கேமராவின் பின்திரையில் படத்தைப் போட்டு அதைப் போனால் படம் பிடித்து அனுப்புவது. அச்சில் வரிவரியாக விழுகிறது. அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்து ஏறி வருகிற ஜனங்களுக்கு அப்படி ஒரு படத்தைக் கொடுக்க மனசு வரவில்லை.

கேமராவில் வைஃபை இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்தேன். போனில் கேமராவின் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டால் சேருகிறது, ஆப் திறக்கிறது, ஒன்றிரண்டு படமும் வருகிறது. அப்புறம் போன் தானாகவே வேறு வைஃபைக்கோ டேட்டாவுக்கோ மாறிவிடுகிறது. வீட்டிலேயே இப்படி என்றால் டவர் சரியாகக் கிடைக்காத மலைமேல் என்ன ஆகும்? சிக்னல் இல்லாவிட்டால் இது வேலையே செய்யாதா?


குமுளி ஸ்டூடியோ | திங்கள், இரவு 10:05

தம்பி, கடைசியாகக் கேட்டதுக்கு முதலில் பதில் சொல்கிறேன். டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், சிம் கூட வேண்டாம். உங்கள் கேமரா தனக்கென்று ஒரு குட்டி வைஃபையைத் தானே உண்டாக்குகிறது. போன் அதில் போய்ச் சேருகிறது. படம் கேமராவிலிருந்து நேராகப் போனுக்கு வருகிறது, நடுவில் வேறு யாரும் இல்லை. நடுக்காட்டில் உட்கார்ந்தும் செய்யலாம்.

தொந்தரவு எங்கே என்றால், இன்றைய போன்கள் வைஃபை என்றாலே இன்டர்நெட் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. சேர்ந்த உடனே இன்டர்நெட் வருகிறதா என்று சோதிக்கும். கேமராவின் வைஃபையில் அது இருக்காது. உடனே "இதில் இணையம் இல்லை, இணைப்பிலேயே இருக்கவா?" என்று ஒரு கேள்வி வரும். பலர் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் போன் தெரிந்த வைஃபைக்குத் தாவும், இல்லையென்றால் டேட்டாவுக்குப் போகும். உங்களுக்கு நடப்பது இதுதான். என் கடைக்கு இதே குறையோடு வருகிறவர்கள் பாதிப்பேர் கேமரா ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். கேமராவில் ஒன்றும் இருக்காது.

இப்படிச் செய்யுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். பிறகு வைஃபையை மட்டும் கையால் ஆன் செய்யுங்கள். இப்போது போன் தாவிப்போக டேட்டா இல்லை. வீட்டு வைஃபைக்குள் போய், தானாக இணையும் வசதியை அணைத்துவிடுங்கள். கேமராவில் மெனுவுக்குப் போய் வைஃபை/என்எஃப்சி (என்எஃப்சி என்றால் போனைக் கேமராவில் தொட்டு இணைக்கும் வசதி) என்பதை எனேபிள் செய்து, வைஃபை ஃபங்ஷனில் ஸ்மார்ட்போன் சின்னத்தைத் தேர்ந்தெடுங்கள். திரையில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் காட்டும். போனின் வைஃபை பக்கத்தில் அந்தப் பெயரைத் தொட்டுச் சேருங்கள். இணையம் இல்லை என்ற கேள்வி வந்தால் ஆமாம் என்று சொல்லி, மறுபடி கேட்காதே என்பதையும் டிக் செய்யுங்கள். அதற்கப்புறம்தான் கேனானின் கேமரா கனெக்ட் ஆப்பைத் திறக்க வேண்டும். கேமராவே உங்கள் போன் பெயரைக் காட்டி அனுமதி கேட்கும், ஓகே கொடுங்கள்.

மலையில் ஃப்ளைட் மோடு இன்னொரு விதத்திலும் உதவும். டவர் கிடைக்காத இடத்தில் போன் ஓயாமல் டவரைத் தேடித்தேடி பேட்டரியைக் குடித்துவிடும். அதுவும் நிற்கும்.


வண்டிப்பெரியாறு டீச்சர் | செவ்வாய், காலை 6:50

ஸ்டூடியோ அண்ணன் சொன்னது எனக்கும் புது வெளிச்சம். நான் தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்க்கிறேன். விளையாட்டு விழா, ஆண்டு விழா என்றால் நிக்கான் டி5600-ல் நான்தான் எடுப்பேன். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கிற பெற்றோர் நிறையப் பேருக்கு வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்க முடியாது. பிள்ளை ஓடி முடித்த கையோடு படம் அவர்கள் போனுக்குப் போய்விட வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் ஆப்பில் ஒரு தடவை இணைத்ததோடு சரி, எடுக்க எடுக்கப் படம் தானாகவே போனுக்கு வந்துவிடுகிறது. வைஃபை பக்கமே போவதில்லை. ஆனால் வருவது சின்னப் படம். பெரிதாக்கிப் பார்த்தால் உடைகிறது. நிருபர் தம்பிக்கும் இந்த மாதிரி ப்ளூடூத் வழி இல்லையா?


குமுளி ஸ்டூடியோ | செவ்வாய், காலை 8:20

இல்லை டீச்சர். 1500டி-யில் வைஃபையும் என்எஃப்சியும் மட்டும்தான், ப்ளூடூத் கிடையாது. கேனானிலேயே 200டி-யில் ப்ளூடூத் உண்டு. வாங்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

நீங்கள் சொல்கிற தானியங்கி வசதி 2016-ல் நிக்கான் டி500-ஓடு வந்தது. அதில் தானாக இறங்குவது 2 மெகாபிக்சல் படம்தான். காரணம் வேகம். கேமராக்களில் இருக்கும் குறைந்த மின்சார ப்ளூடூத்துக்கு ஏட்டுக் கணக்கில் நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 10 எம்பி ஜேபெக் ஒன்று வர 80 நொடி. 25 எம்பி ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதிகிற ஃபைல்) என்றால் மூணு நிமிஷத்துக்கு மேல். நடைமுறையில் இன்னும் மெதுவாகத்தான் வரும். ப்ளூடூத் ஆள் விட்டுக் கூப்பிடுவதற்கு, வைஃபை சுமை தூக்குவதற்கு. கேமராவும் போனும் ஒன்றை ஒன்று மறக்காமல் பிடித்து வைத்திருக்க, நேரத்தையும் இடத்தையும் கேமராவுக்குச் சொல்ல ப்ளூடூத் போதும். முழு அளவுப் படம் வேண்டுமென்றால் வைஃபைக்கு மாறியே ஆக வேண்டும். உங்கள் டி5600-லும் அதே ஆப்பில் வைஃபை வழி முழு ஜேபெக் இறங்கும். ரா மட்டும் வராது.

ஆனால் பெற்றோர் போனில் பார்க்க 2 மெகாபிக்சல் தாராளம். எல்லாவற்றையும் பெரிதாக இறக்க வேண்டாம். சான்றிதழோடு ஃபிரேம் போட வேண்டிய படத்தை மட்டும் தனியாக வைஃபையில் எடுங்கள். ப்ளூடூத் மெனுவில் கேமராவை அணைத்த பிறகும் அனுப்பும் ஒரு தேர்வு இருக்கும். அதை ஆன் செய்தால் கேமராவைப் பையில் வைத்த பிறகும் மிச்சப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். ராத்திரி அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கும்.

நிருபர் தம்பி, உங்களுக்கும் இதையே சொல்கிறேன். ஆப்பின் செட்டிங்கில் சுருக்கிய அளவில் இறக்கு என்று வையுங்கள். நீளப்பக்கம் 1920 பிக்சல் வரும். நாளிதழில் நாலு பத்தி அகலம் சுமார் ஆறரை அங்குலம். 1920-ஐ ஆறரையால் வகுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. செய்தித்தாளுக்கு அது ஏராளம். ஒரு எம்பிக்குள் வருகிற படம் சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்திலும் போய்ச் சேரும். பத்து எம்பி படம் பாதியில் நிற்கும்.

ரா மட்டும் எடுக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு ரா + ஜேபெக் வையுங்கள். 1500டி-யின் ரா ஃபைல் போனுக்கு ராவாக வராது.


கொழிஞ்சாம்பாறை வெட்டிங்ஸ் | செவ்வாய், மதியம் 1:30

பாலக்காட்டுப் பக்கம் கல்யாண வேலை செய்கிறேன். தமிழ்க் கல்யாணம், மலையாளக் கல்யாணம் இரண்டும் வரும். தாலி கட்டி முடிப்பதற்குள் பெண் வீட்டு அக்கா ஸ்டேட்டஸ் போடப் படம் கேட்பார். அதனால் இந்த இணைப்பு எனக்கு தினசரிப் பிழைப்பு.

அண்ணன் சொன்னதோடு சிலதைச் சேர்க்கிறேன். ஆண்ட்ராய்டில் கேமரா ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கேட்கும். பலர் இது எதற்கு என்று மறுத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு 6-லிருந்து 12 வரை பக்கத்தில் என்ன வைஃபை இருக்கிறது என்று ஆப் தேட வேண்டுமென்றால் லொகேஷன் அனுமதி இருந்தாக வேண்டும், லொகேஷன் ஆனிலும் இருக்க வேண்டும். அதற்குப் பிந்தைய போன்களில் அருகிலுள்ள சாதனங்கள் என்று தனி அனுமதி வந்துவிட்டது. ஐபோன்காரர்கள் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் லோக்கல் நெட்வொர்க் என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்று தொட்டிருந்தால் ஆப் கேமராவைப் பார்க்கவே பார்க்காது, எந்தப் பிழைச் செய்தியும் தெளிவாக வராது. பிரைவசி செட்டிங்குக்குள் போய்த் திரும்ப ஆன் செய்ய வேண்டும். விபிஎன் ஓடினால் அணைத்துவிடுங்கள்.

மண்டபத்தில் இன்னொரு பிரச்சினை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். ஆயிரம் போன், மண்டபத்து வைஃபை, எல்இடி திரைக்காரர் வைஃபை எல்லாம் அதில்தான் அடித்துக்கொள்ளும். 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள கேமராவில் மாற்றிக்கொள்ளலாம், தூரம் கொஞ்சம் குறையும். இல்லாத கேமராவில் மண்டபத்துக்கு வெளியே போய் நின்று இறக்குவதுதான் வழி. மலைமேல் நிருபருக்கு இந்தத் தொல்லை இருக்காது.

சோனி வைத்திருப்பவர்கள் ஆப் பெயரில் குழம்ப வேண்டாம். முதலில் பிளேமெமரீஸ் மொபைல், 2019-ல் இமேஜிங் எட்ஜ் மொபைல், 2023-ல் கிரியேட்டர்ஸ் ஆப். உங்கள் மாடலுக்கு எது என்று பார்த்துப் போடுங்கள்.


செங்கோட்டை முத்து | செவ்வாய், மாலை 4:15

இவ்வளவு பாடு எதுக்கு அண்ணாச்சி? டைப்-சி கார்டு ரீடர் ஒண்ணு வாங்கிப் பையில போடுங்க. கார்டைக் கழட்டி ரீடர்ல சொருகி, போன்ல சொருகினா முடிஞ்சுது. முழுப் படம், ரா, வீடியோ எல்லாம் வரும். பாஸ்வேர்டு இல்ல, அனுமதி இல்ல, ஆப் இல்ல. நான் ஆரியங்காவு, தென்மலை பக்கம் ரயில் படம் எடுக்கப் போறவன். பதிமூணு கண் பாலத்துல வண்டி போறதை எடுத்துட்டு, அடுத்த வண்டி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் போனுக்கு மாத்திருவேன்.


குமுளி ஸ்டூடியோ | செவ்வாய், மாலை 6:40

முத்து சொல்வதை நான் மறுக்கவில்லை. ரீடர் பையில் இருந்தே ஆக வேண்டும். நூறு படத்தை மொத்தமாக மாற்ற அதுதான் வேகம், வீடியோவுக்கும் அதுதான்.

ஆனால் இந்த வேலைக்கு அதை முதல் வழியாக வைக்க மாட்டேன். அடுத்த ரயில் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். கோயில் கூட்டத்தில் அடுத்த நொடி என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. கார்டு வெளியே இருக்கிற நேரத்தில் கேமரா செத்த மாதிரிதான். தூசியும் மழைச்சாரலும் உள்ள இடத்தில் நெரிசலுக்கு நடுவே கதவைத் திறந்து, நகத்தளவு கார்டை எடுத்து, ரீடரில் வைத்து... கீழே விழுந்தால் புல்லில் தேடி எடுக்க முடியாது. அன்றைக்கு எடுத்தது முழுக்க அந்த ஒரு கார்டில்தான் இருக்கிறது. வைஃபையில் போனால் கார்டு இருந்த இடத்திலேயே இருக்கும், போனில் ஒரு பிரதியும் சேரும்.


செங்கோட்டை முத்து | செவ்வாய், மாலை 7:02

கார்டு தொலையும்ங்கிறது சரிதான், அதை ஒத்துக்கிடுதேன். ஆனா ஆப் அப்டேட் ஆகி அன்னைக்குன்னு பார்த்துத் திறக்கலைன்னா என்ன செய்வாரு? மலைமேல டவுன்லோடு பண்ண முடியாதுல்லா. அதுக்குத்தான் சொல்லுதேன், ரெண்டும் இருக்கட்டும்.


குமுளி ஸ்டூடியோ | செவ்வாய், மாலை 7:10

இது நல்ல எச்சரிக்கை. முந்தின நாள் ராத்திரியே ஆப்பைத் திறந்து, ஒரு தடவை இணைத்து, ஒரு படம் இறக்கிப் பார்த்துவிட்டு, தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வையுங்கள்.

ரீடர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற ஃபைல் பதிவு முறையில் வரும். சில பழைய ஆண்ட்ராய்டு போன்கள் அதைப் படிக்காது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். தப்பித்தவறியும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். 32 ஜிபி கார்டு ஃபாட்32 என்ற பழைய முறை என்பதால் கிட்டத்தட்ட எல்லாப் போனிலும் திறக்கும்.


தடா பறவை நோக்கி | புதன், காலை 5:55

சூளூர்ப்பேட்டை பக்கத்திலிருந்து. எங்கள் பக்கம் கடைத்தெருவில் தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதிதான் எனக்கு வாரக்கடைசி.

படம் மாற்றுவது பற்றியே பேசுகிறீர்கள். இதே இணைப்பில் கேமராவைத் தூரத்திலிருந்து இயக்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. பூநாரைகள் கரையோரம் மேய்கிற இடத்தில் கேமராவைத் தாழ்வான முக்காலியில் வைத்து, சைலண்ட் ஷட்டர் போட்டு, நான் பின்வாங்கி உட்கார்ந்துகொள்வேன். போன் திரையில் காட்சி தெரியும், தொட்டால் ஃபோகஸ், பட்டனைத் தொட்டால் படம். ஆள் இல்லை என்றால் பறவை தானாக நெருங்கி வரும். திரையில் தெரிவது கொஞ்சம் பின்தங்கி வருவதால் பறக்கிற பறவைக்கு இது உதவாது. நின்று மேய்கிற பறவைக்கு நல்லது. பத்து மீட்டர் சுற்றுவட்டம் என்று கணக்கு வையுங்கள். ஈரமான கோரைப்புல்லோ மனித உடம்போ நடுவில் வந்தால் இன்னும் குறையும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ப்ளூடூத் வழியாகப் போனின் ஜிபிஎஸ் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்துவிடும். பறவைக் கணக்கெடுப்புக்கு அது பொக்கிஷம். ஆனால் கூட்டுப் படத்துக்கு ஆபத்து. நேலப்பட்டில் கூழைக்கடா கூடு கட்டுவது ஊரறிந்த விஷயம், அதை மறைக்க ஒன்றுமில்லை. தேக்கடி, சின்னாறு பக்கம் நண்பர்கள் இருவாச்சிக் கூட்டைப் படமெடுத்து இடக்குறியோடு குழுவில் போட்டால், அடுத்த வாரம் அந்த மரத்தடியில் கூட்டம் நிற்கும். உள்ளே அடைபட்டிருக்கும் பெட்டைக்கு ஆண் கொண்டுவருகிற இரைதான் வழி, கீழே ஆள் நின்றால் ஆண் இறங்கத் தயங்கும். தயவுசெய்து கூடு எடுக்கும்போது இடக்குறியை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறி கழன்றுவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.


கூடலூர் நிருபர் | புதன், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. ஃப்ளைட் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்ததும் இணைப்பு அறுகவே இல்லை. லோயர்கேம்ப் ரோட்டில் வண்டியை நிறுத்தி வைத்தும் பார்த்துவிட்டேன். சுருக்கிய அளவில் படங்கள் மளமளவென்று வருகின்றன. டெஸ்க்கிலும் ஒன்றை அனுப்பிக் கேட்டேன், அளவு போதும் என்றார்கள். கார்டு ரீடரும் கம்பத்தில் வாங்கிவிட்டேன் முத்து.

இரண்டு சந்தேகம். படம் இறக்கினதும் டெஸ்க்குக்கு அனுப்ப டேட்டா வேண்டும், அப்போது கேமரா இணைப்பை அணைத்தே ஆக வேண்டுமா? இன்னொன்று, பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது.


குமுளி ஸ்டூடியோ | புதன், இரவு 9:15

ஆண்ட்ராய்டு 10-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில், ஆப்பே ஒரு சின்னப் பெட்டி காட்டிக் கேமரா வைஃபையைச் சேர்த்தால், அந்த வைஃபை ஆப்புக்கு மட்டும் என்று இருக்கும். டேட்டா பக்கத்தில் தன் வேலையைப் பார்க்கும். நாமே வைஃபை பக்கத்துக்குப் போய்ச் சேர்த்தால் அப்படி இருக்காது. உங்கள் முறையில் இரண்டையும் பிரித்தே செய்யுங்கள், குழப்பம் இல்லை. நிழலில் உட்கார்ந்து நல்ல படங்களை கேமராவின் பின்திரையிலேயே தேர்ந்தெடுத்து மொத்தமாக இறக்குங்கள். கேமரா வைஃபையை அணையுங்கள். ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற முதல் திருப்பத்தில் அனுப்புங்கள். வரிசையாக எல்லாம் கிளம்பும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாகப் போடுங்கள், இன்னொரு முறை சுருங்கக் கூடாது.

1500டி-யின் எல்பி-இ10 பேட்டரி 860 மில்லி ஆம்பியர். கம்பெனிக் கணக்கில் 500 படம். வைஃபை ஓடினால் அவ்வளவு வராது. இன்னொன்று வாங்கியே ஆக வேண்டும். ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், படம் இறங்கும்போது கேமரா தூங்கிவிட்டால் இணைப்பும் போகும். வைஃபை எனேபிளில் இருக்கும்போது யூஎஸ்பி கேபிள் போட்டால் வேலை செய்யாது, அதையும் நினைவில் வையுங்கள்.

பெரிய பத்திரிகையின் முழுநேரப் போட்டோகிராபர்கள் சோனி ஏ7 III மாதிரி எஃப்டிபி (சர்வருக்கு நேராக ஃபைல் அனுப்பும் முறை) உள்ள கேமராவைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து நேராக ஆபீஸ் சர்வருக்கே அனுப்புவார்கள். அதற்கு நல்ல சிக்னல் வேண்டும். நம்ம மலைக்கு முதலில் போனில் இறக்கி வைத்து, பிறகு அனுப்புகிற முறைதான் சரி.


மூணாறு எஸ்டேட் | வியாழன், காலை 7:05

இந்த இழையை முழுசும் படித்தேன். என்னிடம் உள்ளது நிக்கான் டி3300. 2018-ல் ராஜமலையில் குறிஞ்சி பூத்ததை இதில்தான் எடுத்தேன். வெள்ளத்தில் அந்த வருஷம் வந்தவர்கள் குறைவு, அதனால் அந்தப் படங்கள் எனக்கு உசத்தி. இனி 2030-ல்தான். கேமரா நன்றாக இருக்கிறது, மாற்ற விருப்பமில்லை. மெனுவில் வைஃபையே இல்லை. வழி உண்டா?


குமுளி ஸ்டூடியோ | வியாழன், காலை 9:00

மாற்ற வேண்டாம். அந்த மாடலுக்கு டபிள்யூயூ-1ஏ என்று ஒரு குட்டி அடாப்டர் உண்டு, பக்கவாட்டில் சொருக வேண்டும். வயர்லெஸ் மொபைல் யுடிலிட்டி என்ற பழைய ஆப்போடு சேர்ந்தது அது. வாங்கும் முன் உங்கள் போனில் அந்த ஆப் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபை உள்ள எஸ்டி கார்டுகளும் ஒரு காலத்தில் வந்தன. தோஷிபாவின் ஃப்ளாஷ்ஏர், ஐ-ஃபை. பழைய ஐ-ஃபை கார்டுகளுக்கு 2016-ல் ஆதரவை நிறுத்திவிட்டார்கள், அதனால் செகண்ட்ஹேண்டில் யாராவது விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டி3400, டி3500 வைத்திருக்கிறவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அவற்றில் ப்ளூடூத் மட்டும்தான், வைஃபை இல்லை. 2 மெகாபிக்சலுக்கு மேல் கம்பியில்லாமல் வராது.

உங்களுக்கு என் யோசனை முத்துவின் ரீடர்தான். குறிஞ்சியும் வரையாடும் அவசரப்படுத்தாத படங்கள். லயத்துக்கு வந்து நிதானமாகக் கார்டைக் கழற்றி மாற்றலாம்.


செங்கோட்டை முத்து | வியாழன், காலை 9:20

அண்ணாச்சி, ரீடர் வாங்கும்போது எஸ்டி, மைக்ரோ எஸ்டி ரெண்டு வாசலும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. சிலதுல மைக்ரோ மட்டும்தான் இருக்கு. டி3300-க்குப் பெரிய எஸ்டி வாசல் வேணும். போன்ல ஓடிஜின்னு (ரீடர் மாதிரி வெளிச்சாமானைப் போன் படிக்க விடுற வசதி) ஒரு தேர்வு இருந்தா அதை ஆன் பண்ணிட்டுச் சொருகுங்க. சில போன்ல கொஞ்ச நேரத்துல அதுவா அணைஞ்சிரும்.